நீண்ட ஒலிப்பதிவில் ‘டிக்’ விழாதிருக்க விண்டோஸ் மடிக்கணினியைத் தயார் செய்யும் முறை

இரண்டு மணி நேரக் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்கும்போது, ஆலாபனையின் நடுவே நகத்தால் சுண்டியது போல ஒரு ‘டிக்’ விழுந்திருப்பதைக் கவனிப்பவர் முதலில் மைக்கையும் வயரையும் சந்தேகிக்கிறார். அவை பழுதில்லை என்று தெரிந்ததும், கணினிக்கு வேகம் போதவில்லை என்று முடிவு கட்டிக் கூடுதல் ராம் வாங்கப் புறப்படுகிறார். பெரும்பாலும் அந்தச் செலவு வீண். ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்தெடுக்கும் (ஒவ்வோர் அளவும் ஒரு ‘சாம்பிள்’) வீதத்தில், 24 பிட் ஆழத்தில் பதிவாகும் ஒரு தடத்திற்கு விநாடிக்கு 144 கிலோபைட் மட்டுமே தேவைப்படுகிறது. பதினாறு தடங்களை ஒருசேரப் பதிந்தாலும் அது இரண்டரை மெகாபைட்டைத் தாண்டாது. பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினிக்குக்கூட இது ஒரு சுமையே அல்ல.

சிக்கல் நேரம் தவறுவதில் இருக்கிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் தன் கடிகாரத்தின்படி ஒலியைச் சாம்பிள்களாக்கி, பஃபர் எனப்படும் சிறு நினைவகப் பகுதியில் நிரப்பிக்கொண்டே இருக்கும். பஃபரின் அளவு 256 சாம்பிள் என்றால், 48,000 வீதத்தில் அது 5.3 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிறைகிறது. ஒவ்வொரு முறையும் கணினி வந்து அதை எடுத்துச் சென்றாக வேண்டும். குழாயடியில் குடம் நிறைந்த பிறகும் மாற்றக் குடம் வைக்க ஆள் வராவிட்டால் தண்ணீர் தரையில் போவது போல, கணினி அந்த ஒரு தவணை தாமதித்தால் அதற்குரிய சாம்பிள்கள் இழக்கப்பட்டு, முன்னதும் பின்னதும் பொருந்தாமல் ஒட்டப்படுகின்றன. அந்த ஒட்டுதான் நமக்கு ‘டிக்’ என்று கேட்கிறது. ஆகவே, இனி சொல்லப்போகும் ஒவ்வொரு மாற்றமும் கணினியை வேகப்படுத்துவதற்காக அன்றி, அதைத் தவணை தவறாமல் வரவைப்பதற்காகவே.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். இதற்கு ‘லேட்டன்சிமான்’ என்ற கருவி பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அதை நிறுவி, பதிவின்போது கணினி எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில் வைத்து, குறைந்தது கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். விண்டோஸில் ஒரு வன்பொருள் கவனம் கோரும்போது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் அவசரமான பகுதியை உடனே முடித்துவிட்டு, எஞ்சியதை ‘டிபிசி’ என்ற பெயரில் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறது. அந்தத் தள்ளி வைத்த வேலை ப்ராசசரின் ஒரு கோரில் நடந்துகொண்டிருக்கும் வரை, எவ்வளவு முன்னுரிமை பெற்ற செயலியானாலும் அந்தக் கோரில் இயங்க முடியாது. ஒலிப்பதிவுச் செயலியும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பு எத்தனை மைக்ரோ விநாடி, அதற்குக் காரணமான டிரைவர் எது என்பதைத்தான் அந்தக் கருவி காட்டுகிறது. அதிகபட்ச அளவு சில நூறு மைக்ரோ விநாடிக்குள் நின்றால் கவலையில்லை. ஆயிரம், இரண்டாயிரம் என்று எகிறினால் சிறிய பஃபரில் பதிவு செய்வது சூதாட்டமாகிவிடும்.

டிரைவர்கள் என்ற தாவலில் எந்தப் பெயர் மேலே நிற்கிறது என்பது அடுத்த அடியைச் சொல்லிவிடும். என்டிஐஎஸ் என்ற பெயர் வந்தால் குற்றவாளி நெட்வொர்க், அதாவது பெரும்பாலும் வைஃபை. டிஎக்ஸ்ஜிகெர்னல் என்றோ கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர் பெயரோ வந்தால் திரை சார்ந்தது. ஸ்டோர்போர்ட் என்றால் வட்டு சார்ந்தது. ஏசிபிஐ என்றால் மின் மேலாண்மை. நான் பார்த்த மடிக்கணினிகளில் முதலிடம் பிடித்தது வைஃபைதான். இணைப்பில் இருக்கும்போதே அது அவ்வப்போது வேறு நெட்வொர்க் உண்டா என்று தேடிப் பார்ப்பதுண்டு. பதிவுக்கு முன் ஏர்பிளேன் மோடை இயக்கிவிட்டால் வைஃபையும் புளூடூத்தும் ஒன்றாக அடங்கும். அதிலும் ஐயம் தீராதவர்கள், சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜருக்குச் சென்று வைஃபை அடாப்டரையே முடக்கி வைக்கலாம். பிறகு மீண்டும் அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஓர் அளவீடு என்ற ஒழுங்கை விட்டுவிட்டால், எது பலன் தந்தது என்பது கடைசி வரை தெரியாது.

ஏசிபிஐ முதலிடத்தில் நிற்கும் மடிக்கணினிகளில், பேட்டரியின் நிலையை விண்டோஸ் விசாரிக்கும் ஒவ்வொரு முறையும் தாமதம் எகிறுவதைக் காணலாம். அப்போது டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற பிரிவின் கீழுள்ள ‘ஏசிபிஐ கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி’யைப் பதிவு நேரத்திற்கு மட்டும் முடக்குவது கைகண்ட மருந்து. ஆனால் அதன் பிறகு எவ்வளவு மின்சாரம் மீதமிருக்கிறது என்பது விண்டோஸுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆகவே சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும், பதிவு முடிந்ததும் மறவாமல் மீண்டும் இயக்க வேண்டும்.

மின் மேலாண்மை என்பது பேட்டரியோடு முடிவதில்லை. மடிக்கணினியின் இயல்பான அமைப்பு சிக்கனத்தை நோக்கியது. வேலை குறைந்தவுடன் ப்ராசசரின் வேகத்தைக் குறைக்கும், யுஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கும். ஒலிப்பதிவோ மிகக் குறைந்த வேலை, ஆனால் இடைவிடாத வேலை. எனவே கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘பேலன்ஸ்டு’ என்ற ஒன்றே தெரியும். அப்படியானால் அமைப்புகளில் பவர் மோடைச் சிறந்த செயல்திறனுக்கு மாற்றினால் போதும். திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை முடக்குவதும், பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சிக்கனத்தை அணைப்பதும், திரையை மூடினால் எதுவும் செய்யாதே என்று குறிப்பதும், தூக்க நேரத்தை ‘ஒருபோதும் இல்லை’ என்று வைப்பதும் அவசியம். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளிலும் மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற பெட்டி இருந்தால், அதிலுள்ள குறியையும் நீக்கிவிட வேண்டும்.

இந்த அமைப்புகளில் பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என இரண்டு இடங்கள் உண்டு. இரண்டையும் நிரப்புங்கள். மண்டபங்களில் மேடை ஒலியமைப்போடு இணைக்கும்போது, சார்ஜர் வழியாக ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நுழைவதும், அதைக் கழற்றியதும் இரைச்சல் அடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. இரைச்சல் போயிற்று என்ற நிம்மதியில் பதிவைத் தொடங்குகிறோம். கணினியோ பேட்டரிக்கு மாறியதால் சத்தமில்லாமல் சிக்கன நிலைக்குப் போய்விடுகிறது. ஒருமுறை இப்படித்தான், சார்ஜரோடு செய்த ஒத்திகையில் ஒரு குறையும் இல்லாமல் இருந்து, மேடையில் ஏழெட்டு இடங்களில் அறுந்து போன பதிவு ஒன்று என் கையில் சேர்ந்தது.

அடுத்தது டிரைவர். இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவுவதே சிறந்தது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் பொதுவான ஒலிக்கலவை அடுக்கைத் தொடாமல் செயலிக்கும் சாதனத்திற்கும் இடையே நேர்வழி அமைத்துத் தருகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், விண்டோஸிலேயே உள்ள வசாபி (WASAPI) என்ற ஒலி வழியை, சாதனத்தை ஒரே செயலிக்கு ஒதுக்கும் எக்ஸ்க்ளூசிவ் முறையில் பயன்படுத்தலாம். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவுச் செயலியில் பதிவு செய்பவர்கள் அதில் இயல்பாகத் தேர்வாகியிருக்கும் எம்எம்இ என்ற பழைய ஒலி வழியை வசாபிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சாம்பிள் வீதம் இன்டர்ஃபேஸிலும் விண்டோஸின் ஒலி அமைப்பிலும் பதிவுச் செயலியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் 44,100, இன்னொன்றில் 48,000 என்று இருந்தால் இடையில் மாற்றும் வேலை நடக்கும், அல்லது சாதனமே திறக்க மறுக்கும். விண்டோஸின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ அனைத்தையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் பேச்சைத் தெளிவாக்குகிறேன் என்று தம்பூராவின் கார்வையை இரைச்சலாகக் கருதி அழிக்கும் மென்பொருள்களும் அவற்றில் உண்டு. அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி, இயல்பான ஒலி வெளியீட்டை மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றி, இன்டர்ஃபேஸைப் பதிவுக்கென்று தனியாக விட்டுவிட வேண்டும். பதிவில் ஒன்றுமே விழாமல் முழு மௌனமாக இருந்தால், தனியுரிமை அமைப்புகளில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பஃபர் அளவைக் குறித்து இணையத்தில் உலவும் அறிவுரைகளில் பாதி, கீபோர்டை வாசித்தபடியே மென்பொருளின் ஒலியைக் கேட்பவர்களுக்கானது. அவர்களுக்குத் தாமதம் எதிரி, ஆகவே 64, 128 என்று கீழே இறங்குகிறார்கள். மைக்கின் ஒலியை அப்படியே பதிந்து வைக்க விரும்புபவருக்கு அந்தத் துன்பம் தேவையே இல்லை. பாடுபவர் தன் குரலைக் கேட்க வேண்டுமானால், இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் கணினிக்குள் போகாமலே அது ஹெட்போனுக்கு வந்துவிடும். அதன் பிறகு பஃபரை 1024-க்கு உயர்த்துங்கள். 48,000 வீதத்தில் இது 21 மில்லி விநாடி அவகாசம். இரண்டாயிரம் மைக்ரோ விநாடி தாமதிக்கும் டிரைவர்கூட அதற்குள் வந்து சேர்ந்துவிடும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்வேன்.

பதிவாகும் கோப்புக்கும் எல்லை உண்டு. வழக்கமான வேவ் கோப்பில் அளவைக் குறிக்க 32 பிட் இடமே இருப்பதால், அது 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 24 பிட், 48,000 வீதத்தில் இரு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ நான்கு மணி எட்டு நிமிடத்தில் அந்த எல்லையைத் தொடுகிறது. அதற்கு மேல் போகும் பதிவுகளுக்கு ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவாகும் கோப்புறை, கோப்புகளை இணையத்தில் நகலெடுக்கும் ஒன்டிரைவின் கண்காணிப்பில் இருக்கக் கூடாது. டாக்குமென்ட்ஸ் கோப்புறை நமக்குத் தெரியாமலே அதில் சேர்க்கப்பட்டிருப்பது வழக்கமாதலால், சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து, அந்த ஒன்றுக்கு மட்டும் விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரின் சோதனையிலிருந்து விலக்கு அளிப்பது பாதுகாப்பையும் கெடுக்காது, பதிவையும் கெடுக்காது.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பதிவைத் தொடங்கிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். ஒரு மணி நேரமாக விசைப்பலகையையும் மவுஸையும் யாரும் தொடாததைக் கண்டு, கணினி ஓய்வில் இருப்பதாக விண்டோஸ் எண்ணிக்கொள்கிறது. வைரஸ் சோதனை, வட்டுப் பராமரிப்பு, தேடலுக்கான அட்டவணையிடல் போன்ற வேலைகள் இத்தகைய ஓய்வு நேரத்திற்காகவே காத்திருக்கின்றன. முதல் நாள் இரவு கணினியை இணைய இணைப்போடு விழித்த நிலையில் விட்டுவைத்து அந்த வேலைகளை முடித்துக்கொள்ளச் செய்வதும், அப்டேட்டுகளை நிறுவி மறுதொடக்கம் செய்த பின் அவற்றை ஒரு வாரத்திற்கு நிறுத்தி வைப்பதும், பதிவு நாளில் இணையத்தைத் துண்டித்துவிடுவதும் இதற்குப் போதுமானவை. பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு மின் அமைப்புகளையும் டிரைவரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்; அவை பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதுண்டு.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடலாம். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் ஒலிப்பதிவுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. நாற்பது ஐம்பது சர்வீஸ்களை முடக்கச் சொல்லும் பட்டியல்களும், ராம் போதாதபோது வட்டில் பயன்படும் பேஜ் ஃபைலை நீக்கச் சொல்லும் குறிப்புகளும் ராம் அரிதாக இருந்த எக்ஸ்பி காலத்தின் மிச்சங்கள். விஸ்டா வந்தது முதலே ஒலி சார்ந்த வேலைகளுக்கு முன்னுரிமை தர விண்டோஸில் தனிச் சேவை உண்டு. அந்தப் பட்டியல்களை நம்பி அதையும் சேர்த்து முடக்கிவிட்டு வருந்துபவர்கள் இருக்கிறார்கள். மேக் வைத்திருப்பவர்கள் காப்பு நகலெடுக்கும் டைம் மெஷினையும் லோ பவர் மோடையும் அணைத்தால் பெரும்பகுதி முடிந்தது. லினக்ஸில் நிகழ்நேர இயக்கத்திற்கான நிரல் 2024-இல் வெளியான 6.12 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது என்றாலும், உபுண்டு ஸ்டூடியோ போன்ற தயார் நிலைத் தொகுப்பிலிருந்து தொடங்குவதே எளிது.

எல்லாம் முடிந்த பிறகு, முந்தைய நாள் முழு நீள ஒத்திகை ஒன்று வேண்டும். கைபேசியிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள சீரான ஒற்றை ஒலியை வயர் வழியாக இன்டர்ஃபேஸுக்குள் செலுத்தி, கச்சேரி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியதில்லை. ஆடாசிட்டியில், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால், அறுபடாத ஒலி நேரான கிடைக்கோடாகத் தெரியும். சாம்பிள் இழந்த இடமெல்லாம் அதன் குறுக்கே செங்குத்தான கீற்று ஒன்று நிற்கும். பதிவின் மொத்த நீளம் கடிகாரத்திலிருந்து அரை விநாடிக்குள் வேறுபட்டால் அதை இழப்பாகக் கொள்ள வேண்டாம். இரண்டு கடிகாரங்கள் ஒன்றுபோல் ஓடுவதில்லை. கீற்று தெரிந்தால், பதிவு தொடங்கிய நேரத்தோடு அந்த இடத்தின் நிமிடக் கணக்கைக் கூட்டி, விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, அந்த நிமிடத்தில் விண்டோஸ் என்ன குறித்து வைத்திருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.