ரோடு, வாறுகால் (வடிகால்) கேட்டு மனு எழுதுகிறீர்களா? இந்த இடங்களில்தான் சறுக்கும்

நெல்லை மாநகராட்சியின் 55 வார்டுகளில் எங்கிருந்து மனு போனாலும், நிதி இல்லாததால் மட்டும் அது திரும்பி வருவதில்லை. எந்த நிதியில் கேட்டோம் என்பது தப்பாக இருந்தாலும் திரும்பும்.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் மாநகராட்சி கை வைக்காது. பாளையங்கால்வாய், நெல்லை கால்வாய் கரையில் சுவர் கட்ட வேண்டுமானால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். புது நகர்களில் வேறொரு சிக்கல்: மனை போட்டவர் ரோட்டை மாநகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தந்திருக்கவே மாட்டார். ஆவணத்தில் அது இன்னும் தனியார் நிலம்தான். அதில் அரசுப் பணம் இறங்காது.

அடுத்தது பணத்தின் வகை. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021-26க்குத் தந்த மானியத்தில் நம்மைப் போன்ற நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கென்றே கட்டிப்போட்டது. அதைக் காட்டி தார் ரோடு கேட்டால் நடக்காது. மாநில நிதி ஆணையத்தின் வழியே வரும் வரிப் பங்கோ பெரும்பாலும் சம்பளம், பென்ஷன், கரண்ட் பில்லுக்கே கரைந்துவிடும்.

அதிகம் குழம்புவது, மக்களும் பங்கு போட்டு வேலை நடக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மதிப்பீடு கைக்கு வரும் முன்பே வசூலை ஆரம்பிப்பதுதான் வினை. வேலை 10 லட்சம் என்று வாய்க்கணக்குப் போட்டு 3.33 லட்சம் திரட்டியிருப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 11.80 லட்சம், பங்கு 3.93 லட்சமாகிவிடும். குறையும் அறுபதாயிரத்துக்கு மறுபடி வாசல் வாசலாகப் போனால் யார் தருவார்? கம்பம், பைப் மாற்றும் செலவும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பொறியாளரிடம் அப்போதே கேளுங்கள். பணத்தைத் தனி ஆள் கையில் தராமல் மாநகராட்சியில் கட்டி ரசீது வாங்குங்கள்.

பாதாளச் சாக்கடை வரவிருக்கும் தெருவில் இப்போதே ரோடு கேட்பது வீண் வேலை, தோண்டத்தான் போகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வாறுகாலுக்கு 200-க்கு 1 சரிவு என்றால் 100 மீட்டரில் அரை மீட்டர் இறக்கம் வேண்டும். அது எங்கே போய் விழும் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். விழ இடமில்லாத வாறுகால் கொசுத் தொட்டிதான்.

2 கோடி வரையிலான டெண்டரில் விலை கேட்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும், அவசரப்படுத்திப் பயனில்லை. அவசரம் காட்ட வேண்டியது ஒப்பந்தக்காரரின் கடைசி பில்லுக்குப் பணம் போகும் முன்னால்தான். முடிந்த வேலையைப் பதியும் அளவைப் புத்தகத்தில் எழுதிய நீளம், அகலம், கனத்தைத் தெருவில் டேப் பிடித்துப் பாருங்கள். புத்தகத்தைக் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) நகல் கேட்கலாம்.