சிஏ இன்டர் வரித் தாள்: கணக்கு கவிழ்க்காது, நிபந்தனைதான் கவிழ்க்கும்

பட்டயக் கணக்காளர் (சிஏ) படிப்பின் இரண்டாம் கட்டமான சிஏ இன்டரில் முதல் குரூப்பின் மூன்றாவது தாள் வரி. 100 மதிப்பெண், பாதி வருமான வரி, பாதி ஜிஎஸ்டி. மொத்தத்தில் 30 மதிப்பெண் கொள்குறி வினா, மீதி 70 எழுதும் வினா. தாளுக்கு 40, குரூப்புக்குச் சராசரி 50 இருந்தால் பாஸ். நான் முதல் அட்டெம்டில் வாங்கியது 34. கணக்கு தெரியாமல் இல்லை. சீனியர் ஒருவர் பாசமாகக் கொடுத்த நோட்ஸை வைத்துப் படித்தேன், அது முந்தைய வருடத்து நோட்ஸ். 2024 ஜூலை 23-இலிருந்து மூலதன ஆதாய, அதாவது பங்கு, சொத்து போன்றவற்றை விற்ற லாபத்துக்கான, வரி விகிதங்கள் மாறியிருந்தன. நீண்ட காலம் வைத்திருந்து டிசம்பரில் விற்ற பங்குக்கு நான் 10 சதவீதம் போட்டு, ஒரு லட்சம் விலக்கும் கொடுத்து, அழகாக அடிக்கோடிட்டு விட்டு வந்தேன். சரியான விடை 12.5 சதவீதம், விலக்கு 1.25 லட்சம்.

அதனால் முதல் வேலை, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் அட்டெம்டுக்கு எந்தச் சட்டம், எதுவரை வந்த திருத்தம் என்று தேர்வை நடத்தும் ஐசிஏஐ அமைப்பின் தளத்தில் பார்த்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. முன்பே இதை அசட்டையாக விடக் கூடாது, இப்போது விடவே முடியாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. நாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த 80சி (சேமிப்புக்கான கழிவு) அதில் 123-ஆம் பிரிவு, 115பிஏசி (புதிய வரித் திட்டம்) 202-ஆம் பிரிவு. வருமானம் ஈட்டும் 'முந்தைய ஆண்டு', அதற்கு வரி கணக்கிடும் 'மதிப்பீட்டு ஆண்டு' இரண்டும் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. பழைய சட்டத்துக்கான அட்டெம்டா புதியதற்கானதா என்று தெரியாமல் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குப் புத்தகம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு என் 34 ஞாபகம் வரும். ஜிஎஸ்டிக்கும் திருத்தத் தேதி தனியாக உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். வரிப் பாடத்தில் கூட்டல் கழித்தல் எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். மதிப்பெண் போவது 'அல்லது', 'மற்றும்', 'மிகாமல்', 'தவிர' போன்ற சின்னச் சொற்களில். ஒரு பிரிவைப் படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: யாருக்கு, எப்போது, எவ்வளவு வரை, யாருக்கு இல்லை. நான்காவதைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, கேள்வித்தாள் எடுப்பவர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.

உதாரணத்துக்கு வசிப்பு நிலை, அதாவது வரிக்காக ஒருவரை அந்த ஆண்டில் இந்தியாவில் வசிப்பவராகக் கொள்வதா இல்லையா என்பது. 1961 சட்டப்படியே பார்ப்போம். ஒருவர் இந்தியக் குடிமகன், இத்தனை வருடம் திருச்சியில் இருந்தவர், 2025 செப்டம்பர் 10 அன்று வேலைக்காக துபாய் போகிறார். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 153 நாள், செப்டம்பரில் 10, கிளம்பிய நாளும் சேர்த்தி, ஆக 163. அடிப்படை விதி இரண்டு: அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருக்க வேண்டும், அல்லது 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் 365 நாளும் இருக்க வேண்டும். இரண்டாவது பொருந்துகிறது, ஆகவே வசிப்பவர் என்று எழுதிவிட்டுப் பாதிப் பேர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 என்பது 182 ஆகிறது. 163 போதாது, எனவே வசிக்காதவர். இத்தோடு நிறுத்தலாமா? கேள்வியில் அவருக்கு இந்திய வருமானம் 18 லட்சம் என்று ஒரு வரி ஓரமாகக் கிடக்கும். வெளிநாட்டு மூலத்திலிருந்து வருவதைத் தவிர்த்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் அவர் வரிக்கு உட்படாத குடிமகன் என்றால், சட்டம் அவரை வசிப்பவராகவே கருதுகிறது. துபாயில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆகவே வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர். துபாய்ச் சம்பளம் அங்கேயே ஈட்டி அங்கேயே வாங்கியதால் இங்கே வரிக்கு வராது. இதில் 120 நாள் விதியைக் கொண்டுவந்து நுழைப்பவர்களும் உண்டு, அது வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வந்து போகும் கதைக்கானது, கிளம்பிப் போகிறவருக்கு அல்ல.

ஒரே ஆள், ஒரே தேதி, விடை மூன்று முறை திரும்புகிறது. வாசித்துக்கொண்டே போனால் மூன்றும் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெள்ளைத்தாளில் எழுதினால்தான் எந்தத் திருப்பத்தில் நீங்கள் விழுகிறீர்கள் என்று தெரியும். தலைப்பு முடிந்த அன்றே, தீர்வைப் பார்க்காமல், ஐந்து கணக்கு கையால் போடுங்கள். வீடியோவில் ஆசிரியர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பில் சேராது.

எல்லாத் தலைப்புக்கும் ஒரே நேரம் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம், வீட்டுச் சொத்து இரண்டும் சீக்கிரம் பிடிபடும். தொழில் வருமானமும் மூலதன ஆதாயமும்தான் நேரம் தின்னும். இன்னொன்று, கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பழைய வரித் திட்டமா புதியதா என்று அங்கேதான் இருக்கும். வாடகைப் படி விலக்கைச் சென்னைக்கு 50 சதவீதம், மதுரைக்கு 40 சதவீதம் என்று அரைப்பக்கம் கணக்குப் போட்டு முடித்த பிறகு 'புதிய திட்டத்தில் கணக்கிடுக' என்ற வரியைப் பார்த்தால் வயிறு எரியும், ஏனென்றால் புதிய திட்டத்தில் அந்த விலக்கே கிடையாது.

ஜிஎஸ்டியை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். என் கருத்தில் இது பெரிய தப்பு, மதிப்பெண் எளிதில் வரும் பாதி இதுதான். நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. தீபாவளிக்கு இனிப்பு, முந்திரி, குளிர்பானம் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு விற்றால் அது கலப்பு வழங்கல், உள்ளிருப்பதில் எதற்கு விகிதம் அதிகமோ அதுவே மொத்தத்துக்கும். லேப்டாப்போடு பை வந்தால் அது இயல்பாகச் சேர்ந்து வருவது, ஆகவே கூட்டு வழங்கல், முக்கியப் பொருளான லேப்டாப்பின் விகிதம்தான். விகிதங்களைப் பொதுவாகக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், அதை உருப்போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை மீதான ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதை, சரிக்கட்டும் வரிசையில் மட்டும் நிதானம் வேண்டும். ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு) வரவு 50,000, சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 20,000, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 20,000 என்று வையுங்கள். கட்ட வேண்டியது ஐஜிஎஸ்டி 10,000, மற்ற இரண்டும் தலா 45,000. ஐஜிஎஸ்டி வரவை முதலில் முழுக்கத் தீர்க்க வேண்டும், அதில் 10,000 ஐஜிஎஸ்டிக்கே போய்விடும், மிச்சம் 40,000-ஐ எந்த விகிதத்திலும் பிரிக்கலாம். மொத்தத்தையும் சிஜிஎஸ்டியில் கொட்டினால் அங்கே 5,000 தான் பாக்கி, சிஜிஎஸ்டி வரவில் 15,000 பயன்படாமல் நிற்கும், அதை எஸ்ஜிஎஸ்டிக்கு மாற்றவும் முடியாது, கையிலிருந்து கட்டுவது 25,000. பாதிப் பாதியாகப் பிரித்தால் 10,000 கட்டினால் போதும். கேள்வியில் 'குறைந்தபட்ச ரொக்கம்' என்று இருந்தால் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

எழுதும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் சட்டம் என்ன சொல்கிறது, அப்புறம் இந்தக் கேள்வியில் அது எப்படிப் பொருந்துகிறது, பிறகு விடை. கணக்கில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று வொர்க்கிங் நோட் போடுங்கள், வரி இல்லாத இனத்தைக்கூட விட்டுவிடாமல் 'இல்லை' என்று எழுதிக் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எழுதவே வேண்டாம், விதியைச் சொன்னால் போதும். தப்பான எண் எழுதி நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

ஐசிஏஐ வெளியிடும் ஆர்டிபி எனும் மீள்பார்வைத் தாளையும் மாதிரித் தேர்வுகளையும் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிபியில் அந்த அட்டெம்டுக்கான திருத்தங்களைப் பார்க்கலாம், கேள்வி எந்தத் தொனியில் வரும் என்பதும் பிடிபடும். குறைந்தது மூன்று மாதிரித் தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, போனை வேறு அறையில் போட்டுவிட்டு எழுதுங்கள். கொள்குறி வினாக்களுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

இரண்டாவது அட்டெம்டில் எனக்கு 63. அந்த முறை என்னிடம் இருந்தது ஸ்டடி மெட்டீரியலும், நான் எங்கெங்கே விழுந்தேன் என்று குறித்து வைத்த 40 பக்க நோட்டும்தான். அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: ஜூலை 23-க்கு முன்னா, பின்னா?