செயினை மாற்றச் சொன்னார்கள், நான் இறுக்கிப் பார்த்தேன்

பைக்கில் கியரை மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டக்' என்று ஓர் அடி. ஷோரூம் சர்வீஸில் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். பற்கள் கொக்கிபோல் வளையவில்லை. பின்பல்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்தாலும் பல்லை விட்டு எழும்பவில்லை. தளர்ச்சிதான் அதிகம். கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கினால் 50 மி.மீ. ஆடியது, என் வண்டியின் கையேடு சொல்வது 20 முதல் 30.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினைத் துடைத்தேன், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். இன்ஜினை ஓடவிட்டுத் துடைப்பவர்களுக்கு விரல்கள் மீது ஆசையில்லை போலும். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஆகவே மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளந்தேன். பின்சக்கரத்தின் அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னே நகர்த்தும் இருபக்கத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருகினேன். திருகுகளருகே இருபுறமும் உள்ள அளவுக் கோடுகள் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். பிறகு நட்டை இறுக்கி, மீண்டும் அளந்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஒன்றை மறந்துபோனேன். சக்கரம் பின்னே நகர்ந்ததும் டிரம் பிரேக்கின் கம்பி இழுபட்டுவிட்டது. சிறிது தூரத்திலேயே வண்டி இழுக்கத் திணறியது, டிரம் கொதித்தது. பிரேக் நட்டைச் சற்றுத் தளர்த்தியதும் சரியானது. 'டக்' சத்தம் அன்றே நின்றுவிட்டது. இன்ஜின் வால்வு வேலையென்றால் மட்டும் இன்னும் ஷோரூமுக்குத்தான் போகிறேன்.