கார்ட்ரெயில் முனையில் மண் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில் ஓடும் இரும்புத் தடுப்பு, அதாவது கார்ட்ரெயில், தொடங்கும் இடத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கும். டெர்மினல் என்பார்கள். வண்டி நேராக மோதினால் தகடு வண்டிக்குள் பாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மாஷ் என்ற சோதனை விதிப்படி 1,100 கிலோ காரையும் 2,270 கிலோ பிக்கப்பையும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் சோதனைத் திடல் சமதளம். தவறுகள் தொடங்குவதே இதை மறப்பதில்தான்.

முதலாவது, சாலை மேட்டின் விளிம்பிலேயே டெர்மினலை நட்டுவிடுவது. தடுப்பு முனையில் சற்று வெளிப்பக்கம் விலகினால் அங்கே தரை சட்டென்று சரிந்துவிடும். சாலையை விட்டு இறங்கும் வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தாழ்ந்து, பம்பர் மோதவேண்டிய உயரத்தில் மோதாது. வண்டி உருளவும் கூடும். அதனால் தலைப்பகுதிக்கு முன்னாலும் பக்கத்திலும் மண் கொட்டி, பத்தடிக்கு ஓரடிக்கு மேல் இறங்காத சரிவாக அமைக்கவேண்டும். சரி, மண் கொட்டியாயிற்று, போதுமா? போதாது. தடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு திட்டு எழுப்பி, அதன் ஓரங்களைச் செங்குத்தாக விட்டுவிடுகிறார்கள். வரும் வண்டிக்கு அது எம்பிக் குதிக்கும் மேடை. திட்டு பழைய சரிவோடு படிப்படியாகக் கலக்கவேண்டும்.

தடுப்பை நட்ட பிறகு மண் வேலை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம். கம்பங்களுக்கு நடுவே ரோலர் நுழையாது. கெட்டிப்படாத மண் ஒரு மழைக்காலத்தில் கரைந்து, கம்பத்தின் அடிப்பாகம் வெளியே தெரியும். வண்டி மோதிக் கம்பம் முறிந்தபின் தரைக்கு மேல் நிற்கும் அடித்தண்டு 4 அங்குலத்தைத் தாண்டினால், வண்டியின் அடிவயிறு அதில் மாட்டிக்கொள்ளும். மாறாக மண் குவிந்து கம்பம் முறியவேண்டிய இடத்தை மூடினாலும் ஆபத்துதான். முன்னால் உயரமான கர்ப், அதாவது சாலையோர விளிம்புக் கட்டு, வைத்தால் சக்கரம் ஏறி, வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும்.

பலரும் பார்க்காமல் விடுவது பின்பக்கத்தை. தடுப்புக்குப் பின்னால் இருப்பதால் மரமோ சிறுபாலத்தின் சுவரோ கிடக்கட்டும் என்று நினைப்பார்கள். தலைப்பகுதியில் சாய்வாக மோதும் வண்டி நிற்காமல் பின்னால் புகுந்து ஓடும். பெரும்பாலான டெர்மினல்கள் அப்படி வழிவிடும்படி செய்யப்பட்டவைதான். அங்கே குறைந்தது 75 அடி நீளமும் 20 அடி அகலமும் வெற்றிடமாக வேண்டும்.

நில எல்லை குறுக்கிடுவதால் இந்தச் சரிவு கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே முனையை அரைகுறை மண்ணில் முடிப்பதைவிட, தடுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டி, சமதரை கிடைக்கும் இடத்தில் முடிப்பதே பெரும்பாலும் மலிவு.