நடுங்கினால் குளிர் என்று முடிவு கட்டாதீர்கள்

மனநல நர்சிங் போஸ்டிங்குக்காக நீலகிரிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மலையில் எதைப் பார்த்தாலும் குளிர்தான் காரணம் என்று தோன்றும். அந்த அவசர முடிவு ஆளையே சாய்த்துவிடும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த டிசம்பர் மாதம். காலில் அடிபட்டு அட்மிட் ஆன எஸ்டேட் தொழிலாளி ஒருவர், மறுநாள் இரவு கை நடுங்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிட்டேன். விடிவதற்குள் அவர் போர்வையிலிருந்து இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. குளிரில் நடுங்குகிறவருக்கு எப்படி வியர்க்கும்? இந்தக் கேள்வி எனக்கு ராத்திரியே வந்திருக்க வேண்டும்.

தினமும் குடித்தவருக்கு அட்மிஷனோடு குடி நின்றுபோயிருந்தது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் படபடப்பும் தொடங்கும். 48 முதல் 72 மணி நேரத்தில் குழப்பமும் மாயக்காட்சியும் வரலாம், வலிப்பு அதற்கு முன்பேகூட வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். அதனால் பல்ஸ், பிபி பாருங்கள். "கடைசியா எப்ப குடிச்சீங்கண்ணா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். அப்புறம், குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினை (வைட்டமின் பி1) மறந்துவிடக் கூடாது. அது இல்லாமல் போனால் மூளைக்கே பாதிப்பு.

மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான். மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் சாப்பிடுகிறவர் தொண்டை வலி, காய்ச்சல் என்று வந்தால் "ஊட்டிக் குளிர், கஷாயம் வெச்சுக் குடிங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த மருந்தால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அன்றே டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுப்பவருக்குக் கை லேசாக நடுங்குவது சகஜம். நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, வாந்தி பேதியும் சேர்ந்தால் மருந்தின் அளவு உடம்பில் ஏறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று அமெரிக்க நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே எழுதிவிட்டார். நாமோ "எல்லாம் சரியாயிடும்மா" என்று சொல்லி அந்த உறவை முதல் நிமிடத்திலேயே மூடிவிடுகிறோம். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் வாதாடவும் வேண்டாம், ஆமாம் சாமி போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலை. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. அது என்ன சொல்லுது?" இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குரல் 'செத்துப் போ' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சாகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. நேராகக் கேளுங்கள். கேரட், உருளை போடுகிற வீடுகளில் பூச்சி மருந்து கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். அதைப் பூட்டி வைக்க அல்லது அப்புறப்படுத்த வீட்டாரிடம் சொல்வதும் நர்ஸ் வேலைதான். முயற்சி செய்து பிழைத்தவரை "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று மிரட்டாதீர்கள். 2017 மனநல பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ரகசியம் காப்பதும் அதே சட்டம் தரும் உரிமை. மலையில் இது இன்னும் முக்கியம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். மருந்து வாங்கும் வரிசையில் ஒரே ஹட்டிக்காரர்கள் (படுகர் ஊர்க்காரர்கள்) நாலு பேர் நிற்பார்கள். அங்கே "தூக்க மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டால், அடுத்த மாதம் அந்த அக்கா வரமாட்டார். ஓரமாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.