வரித் தகராறு உண்டா என்று படிவம் கேட்டால்: கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து நீட்டினார். ஒரு டேட்டா சென்டரில் ஆறு மாத கான்ட்ராக்ட். உள்ளே விடுவதற்கு முன் பாதுகாப்புச் சரிபார்ப்பு. படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: வரிப் பாக்கி, வரித் தகராறு, வழக்கு ஏதாவது நிலுவையில் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். விவரம் எழுத இரண்டே வரி இடம்.

"அண்ணே, அப்பீல்தானே போட்டிருக்கேன், இன்னும் முடியலையே. 'இல்லை'ன்னு போட்டுடவா?"

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். அப்பீலில் இருப்பதைத்தான் தகராறு என்கிறோம். அது முடியாதவரை பதில் 'ஆம்'தான். கான்ட்ராக்ட்காரர்களுக்கு வரி நோட்டீஸ் வருவது அதிசயமும் இல்லை. கிளையன்ட் நம் பில்லில் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டால்கூட நம் பெயரில் டிமாண்ட், அதாவது வரி கட்டச் சொல்லும் கோரிக்கை, எழும். (பிடித்த வரியை நம்மிடமே திரும்பக் கேட்கக் கூடாது என்று 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ம் பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லிப் போராடுவதும் ஒரு தகராறுதானே.)

இன்னொரு கூட்டம் பார்க்காமலே 'இல்லை' போடும். வருமான வரி போர்ட்டலில் பதிந்த மின்னஞ்சல் பல பேருக்கு ஆடிட்டருடையது, அல்லது என்றோ விட்டுவந்த கம்பெனியுடையது. நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்கும். நாடு முழுவதற்கும் ரிட்டர்ன் பரிசீலிக்கும் மையம் நம்ம எலக்ட்ரானிக் சிட்டி பக்கம்தான் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய நோட்டீஸ் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டது என்றா சொல்ல முடியும்? கையெழுத்துப் போடும் அன்றே போர்ட்டலில் 'பென்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதிக்குப் போய், நிலுவை டிமாண்ட், இ-புரொசீடிங்ஸ் (துறையின் நோட்டீஸ்கள் வரும் பகுதி) இரண்டையும் பாருங்கள். தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய சில்லறை டிமாண்ட் பற்றிப் பயம் இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. 2009-10 நிதியாண்டு வரைக்குமான 25,000 ரூபாய் வரையிலான டிமாண்டுகளையும், 2010-11 முதல் 2014-15 வரைக்குமான 10,000 ரூபாய் வரையிலானவற்றையும் விலக்கிக்கொள்வதாக 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

எனக்கு ரொம்ப ஆபத்தாகப் படுவது வேறொன்று. நிலுவை டிமாண்டுக்குப் பதில் கொடுக்கும் பக்கத்தில் 'டிமாண்ட் சரி' என்று ஒரு தேர்வு, 'முழுவதுமோ ஒரு பகுதியோ ஏற்கவில்லை' என்று இன்னொன்று. சரிபார்ப்பு சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரத்தில் சிலர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். அதை அழுத்தினால் பிறகு மறுக்க முடியாது என்று அந்தப் பக்கமே எச்சரிக்கிறது. அப்புறம் படிவத்தில் 'தகராறில் உள்ளது' என்று எழுதுவார்கள். போர்ட்டலில் ஒப்புக்கொண்டு, படிவத்தில் மறுத்தால் எதை நம்புவது? பாக்கி இருப்பதைவிட இந்த முரண்தான் கண்ணை உறுத்தும். தம்பியின் விரலும் அந்தப் பட்டன் மேல்தான் இருந்தது.

சரி, இரண்டு வரியில் என்ன எழுதுவது? 'சின்ன விஷயம், ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார்' என்று எழுதுவது வீண். வரித்துறை செய்த அநியாயத்தைப் புலம்புவதும் வீண். நான் தம்பிக்கு எழுதித் தந்தது கிட்டத்தட்ட இப்படி:

"மதிப்பீட்டு ஆண்டு 2021-22. கேட்கப்பட்ட வரி ரூ. 1,84,300. முதல் மேல்முறையீடு நிலுவையில், ஒப்புகை எண் இணைப்பில். 20 சதவீதம், ரூ. 36,860 கட்டியாயிற்று. மீதிக்கு ஸ்டே விண்ணப்பித்துள்ளேன்."

கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைக்கலாம் என்று 2017 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வழி சொன்னது. ஆனால் பணம் கட்டியதுமே ஸ்டே வந்துவிடாது. கேட்டு வாங்க வேண்டும். உத்தரவு கைக்கு வராமல் 'ஸ்டே இருக்கிறது' என்று எழுதினால் அது பொய். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டாலும் பழைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய பிரிவுகளிலேயே ஓடுகின்றன. நோட்டீஸில் இருக்கும் பிரிவு எண்ணையே எழுதுங்கள்.

கேள்வியை இரண்டு முறை படிக்காததும் ஒரு தவறு. 'குற்ற வழக்கு உண்டா' என்று மட்டும் கேட்டிருந்தால், வெறும் டிமாண்டும் அப்பீலும் அதில் சேராது. ஆனால் வேண்டுமென்றே வரி ஏய்ப்பதைப் பற்றிய 276சி போன்ற பிரிவில் வரித்துறை கோர்ட்டுக்குப் போயிருந்தால் அது குற்ற வழக்கேதான், சொல்லியே ஆக வேண்டும். குற்ற வழக்குகளை மறைத்தது பற்றிய அவதார் சிங் வழக்கில், 2016-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியது: தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது, அதே சமயம் படிவமும் மொட்டையாக இல்லாமல் குறிப்பாகக் கேட்க வேண்டும். அது வேலைக்குச் சேர்வோர் பற்றிய தீர்ப்பு, கான்ட்ராக்ட் பற்றியது அல்ல. ஆனாலும் படிவத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு நான் அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். கேள்வி மொட்டையாக இருந்தால், எதைக் கேட்கிறீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

'நீங்கள் அல்லது உங்களுக்குப் பங்குள்ள நிறுவனம்' என்று இருந்தால் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்), பிரைவேட் லிமிடெட் எல்லாம் உள்ளே வரும். பேன் கார்டு எண் வேறு என்று தப்பிக்க முடியாது.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. பயத்தில் முழு ஆணை, பேங்க் ஸ்டேட்மென்ட், மனைவியின் ரிட்டர்ன் என்று எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார்கள். டிமாண்ட் நோட்டீஸ், அப்பீல் ஒப்புகை, சலான் போதும். போர்ட்டல் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் தராதீர்கள்.

தம்பிக்குப் பத்து நாள் கழித்து சரிபார்ப்பு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. கேட்டது சலான் தேதி மட்டும். கான்ட்ராக்ட் ஓடும்போதே அப்பீல் உத்தரவு வந்துவிட்டால், சாதகமோ பாதகமோ, அந்த வாரமே எழுத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். போர்ட்டலில் இருந்த ஆடிட்டரின் மின்னஞ்சலை அன்றைக்கே, டீ ஆறுவதற்குள், தன்னுடையதாக மாற்றிக்கொண்டார்.