கெர்னல் லாக் நெரிசலை அளந்து பார்ப்பது எப்படி? போலி டிஸ்க் வைத்து ஒரு சோதனை

எட்டு கோர் இருந்தும் ஐஓ வேகம் இரண்டு கோர் அளவிலேயே நின்றால், எல்லாக் கோர்களும் ஒரே ஸ்பின்லாக்குக்கு (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் கெர்னல் பூட்டு; மற்றவை சுற்றிக்கொண்டே காத்திருக்கும்) காத்துக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் இதைச் சோதிக்க ரூட் அனுமதி, ஃபியோ (டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி), பெர்ஃப் (கெர்னலில் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி) மூன்றும் போதும்.

படி 1: நிஜ டிஸ்க் வேண்டாம். டிஸ்க் மெதுவாக இருந்தால் லாக்கின் தாமதம் அதற்குள் மறைந்துவிடும். மாட்ப்ரோப் கட்டளை கொண்டு நல்_பிளாக் என்ற போலி டிஸ்க் மாட்யூலை ஏற்றுங்கள். இது வந்த கோரிக்கையை, டேட்டாவைத் தொடாமலே, முடிந்ததாகச் சொல்லிவிடும். கோரிக்கை வரிசைகள் எத்தனை என்று சொல்லும் சப்மிட்_க்யூஸ் மதிப்பாகக் கோர்களின் எண்ணிக்கையைக் கொடுங்கள். மறந்தால் அது 1 என்றே இருக்கும். எல்லாக் கோர்களும் ஒரே வரிசையில் முட்டிக்கொள்ளும், சோதனையே கெட்டுவிடும்.

படி 2: அந்தச் சாதனத்தின் ஷெட்யூலரை (கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) 'நன்', அதாவது எதுவும் இல்லை, என்று ஆக்குங்கள். ஃபியோவில் ரேண்டம் ரீட், 4கே பிளாக், டைரக்ட் 1, ஐஓ_யூரிங், ஐஓடெப்த் 32, நேரம் 30 வினாடி. நம்ஜாப்ஸை (ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்களின் எண்ணிக்கை) 1, 2, 4, 8 என மாற்றி ஐஓபிஎஸ்ஸைக் (வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள் முடிகின்றன என்ற எண்) குறித்துக்கொள்ளுங்கள். கோர்களைவிட அதிக ஜாப் கொடுத்தால் நீங்கள் அளப்பது சிபியூவுக்கான போட்டியை, லாக்கை அல்ல. சிபியூவின் கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்காவிட்டால் எண்கள் ஆடும்.

படி 3: ஷெட்யூலரை, கோரிக்கைகளைக் கெடு பார்த்து அடுக்கும் 'எம்க்யூ-டெட்லைன்' ஆக்கி, அதே நான்கு ஓட்டங்கள். முன்பு ஜாபுக்கு ஜாப் ஏறிய எண்ணிக்கை இப்போது தட்டையாகும். சில கணினிகளில் இறங்கவும் செய்யும்.

படி 4: 8 ஜாப் ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் 'பெர்ஃப் லாக் கன்டென்ஷன்' கட்டளையை -ஏ, -பி விருப்பங்களுடன் 10 வினாடி ஓட்டுங்கள். மொத்தக் காத்திருப்பு அதிகமுள்ள வரி மேலே வரும். அழைத்தவர் பத்தியில் 'டிடி_' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் இருந்தால் ஆள் அகப்பட்டார்: அவை எம்க்யூ-டெட்லைனுடையவை. (-பி வேலை செய்யாவிட்டால் உங்கள் பெர்ஃப், கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் பிபிஎஃப் வசதியில்லாமல் பில்ட் ஆகியிருக்கும்.)

ஏன் இப்படி? சாதனம் முழுவதற்கும் ஒரே லாக் என்ற பழைய சிக்கலைத் தீர்க்கத்தான் 2014-இல், கெர்னல் 3.13-இல், பல வரிசைகள் கொண்ட பிளாக்-எம்க்யூ வந்தது. ஆனால் எம்க்யூ-டெட்லைன் கோரிக்கைகளைக் கெடுவாரியாகவும் செக்டர்வாரியாகவும் அடுக்க ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். அதைக் காக்க லாக் வேண்டும். லாக்கைப் பிடித்திருக்கும் நேரம் சொற்பம்தான். அது இருக்கும் கேச் லைன் (கோர் தன் கேச்சுக்கு ஒரே துண்டாக எடுத்துவரும் நினைவகப் பகுதி) கோருக்குக் கோர் தாவுவதும் வரிசையில் காத்திருப்பதும்தான் வேகத்தைத் தின்கின்றன.

படி 5: சொந்த டிரைவரில் இதே நெரிசல் தெரிந்தால், முதலில் நினைவக ஒதுக்கீட்டை லாக்குக்கு வெளியே தள்ளுங்கள். காப்பி_டு_யூசர் (பயனர் நிரலுக்கு டேட்டாவை நகலெடுக்கும் ஃபங்ஷன்) ஸ்பின்லாக்குக்குள் இருக்கவே கூடாது; பேஜ் ஃபால்ட் (தேவையான நினைவகப் பக்கம் தயாராக இல்லாத நிலை) வந்தால் அது தூங்கக்கூடும். பிறகு க்யூவுக்கு ஒன்றாக லாக்கைப் பிரியுங்கள். பிரித்த இரண்டு லாக்குகள் ஒரே 64 பைட் கேச் லைனில் உட்கார்ந்தால் பலன் பெரும்பாலும் போய்விடும். பொதுக் கவுண்டரை அட்டாமிக் (லாக் இல்லாமலே பத்திரமாக மாற்றக்கூடியது) ஆக்கினாலும் அதே கேச் லைன்தான் தாவும்; கோருக்கு ஒரு கவுண்டர் வைத்து, படிக்கும்போது கூட்டுங்கள்.

இதைப் பார்த்துவிட்டு எம்க்யூ-டெட்லைனை எல்லா இடத்திலும் அணைத்துவிட வேண்டாம். வினாடிக்குச் சில நூறு கோரிக்கைகளே தாங்கும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்த லாக் ஒரு பொருட்டே அல்ல. அங்கே அந்த அடுக்கல்தான் வேகம் தருகிறது.